மாதனூர் மதகருகே உதறிய சக்கரம்

உ

ஆம்பூர்
தாது வருஷம் கார்த்திகை மாதம் 12

சிரஞ்சீவி ஏகாம்பரத்துக்கு அப்பா வேலாயுதம் ஆசீர்வதித்து எழுதுவது. ஈசன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், ஈப்போவில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். போன கடிதத்தில் உடம்புக்குப் பரவாயில்லை என்று எழுதிவிட்டு, ஊருக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், அந்தச் சாலையில் இனி கால் வைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்த துரைசாமி மாதனூர் மதகருகே நீ ஓட்டிய நம் லாரியில் அடிபட்டுச் செத்தது உன் குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, நீ மட்டும் உன்னை விடமாட்டேன் என்கிறாய். அந்தச் சாலையில் இப்போது நடந்ததைத்தான் எழுதப் போகிறேன், பயந்து பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி.

லாரியின் முன் டயர் இரண்டும் தேய்ந்து நூல் தெரிந்ததால் புதிது மாற்றினேன். நீ வேலை செய்யும் தோட்டத்து ரப்பர்தானோ என்னவோ, அப்படியானால் அப்பனை ஆட்டிவைக்க அங்கிருந்தே ஏற்பாடு செய்துவிட்டாய். நம் கவுஸ் பாஷா தன் ஷெட்டில் இடது சக்கரத்து டயரைப் பாதி ஏற்றியிருந்தான், அதற்குள் ராகுகாலம் வருகிறது என்று உன் அம்மா அவசரப்படுத்த, அப்படியே நிறுத்தி மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு எல்லோருமாகச் சாப்பிடப் போய்விட்டோம். திரும்பி வந்துதான் மீதியை ஏற்றிக் காற்றடித்தான். மறுநாள் தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வாலாஜாபேட்டைக்குக் கிளம்பிய டிரைவர் சத்தார், மாதனூரிலிருந்தே முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். மதகைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் ஸ்டீரிங் நிற்காமல் உதறியதாம். யாரோ எதுத்தாப்ல நின்னு என் ரெண்டு கையையும் புடிச்சி உலுக்கற மாதிரி இருக்குது மொதலாளி, அந்த எடம் தாண்டினா வுட்டுடுது என்றான். அடுத்த நாளும் அதே இடம், அதே உதறல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவனைத் திட்டினேன். அதற்குள் துரைசாமி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான் என்று ஊரெல்லாம் பேச்சு, உன் அம்மா மூன்று கோயில் விபூதியைக் கொண்டுவந்து ரேடியேட்டர் மேல் கொட்டினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மாதனூர்ப் பக்கம் போகாமல் வாணியம்பாடி பக்கம் விடச்சொல்லி, நல்ல சாலையில் வேகமாகப் போகச்சொன்னேன். அங்கேயும் உதறியது. வேகத்தைக் குறைத்தால் அடங்கியது. மாதனூருக்கு முன்னால் வழியெல்லாம் மாட்டுவண்டி நெரிசல், மதகைத் தாண்டினால்தான் சாலை விட்டுக் கொடுத்துச் சரிவில் வேகம் எடுக்கிறது, சரிவு முடிந்தால் குறைகிறது, அதனால்தான் அந்த இடம் என்று சத்தாரிடம் சொன்னபோது எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. நட்டுகளை முடுக்கிப் பார்த்தோம், அச்சு நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. பிறகு இடது சக்கரத்தை வலது பக்கம் மாற்றினோம், உதறலும் கூடவே வலது பக்கம் போனது. சரி, கோளாறு அந்தச் சக்கரத்துக்குள்தான் என்று ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டோம். ஏகாம்பரம், பட்டப்பகலில் என் முதுகு சில்லிட்டது அப்போதுதான். சக்கரம் சுற்றி ஓய்ந்து நின்றது, நின்றபிறகு யாரும் தொடாமலேயே மெதுவாகப் பின்னுக்குத் திரும்பியது, இப்படியும் அப்படியும் அசைந்து ஓரிடம் கீழே வந்ததும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு மறுபடி சுற்றினோம். எத்தனை முறை சுற்றினாலும் அந்தக் கோடே தேடிக்கொண்டு கீழே வந்தது. இது டயர் வேல இல்ல அண்ணே, எனக்குப் பேஜாரா இருக்குது என்று கவுஸ் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றான். பாரம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் கீழே வரத்தான் செய்யும், பிரி என்று நான் அதட்டினேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பிரித்தான். டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு முடிச்சு, அதற்குள் கனமான இரும்புக் காப்பு. தோல் மண்டிக்குப் பட்டை கொண்டுவரும்போதெல்லாம் துரைசாமி கையில் நாங்கள் பார்த்த அதே காப்பு. சத்தார் கலிமா சொன்னான், கவுஸ் பாஷா தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது, அவன் பெண்டாட்டி வள்ளியம்மாள்தான் செய்வினை வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சக்கரத்தை மாட்டச்சொல்லி, காப்பை மடியில் கட்டிக்கொண்டு அதே லாரியில் மாதனூருக்குப் போனேன். சக்கரம் வெண்ணெய் மாதிரி ஓடியது.

அவள் வாசலில் பட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காப்பை அவள் முன்னே வீசினேன், பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏவல் இல்லீங்க, இது கையில இருந்த வரைக்கும் அவர ஒரு பாம்பு தீண்டல, ஒரு மாடு முட்டல, அன்னிக்கிக் காலையில மணிக்கட்டு வீங்கிக் கெடந்துதுன்னு நான்தான் எண்ணெ தடவிக் கழட்டி வெச்சேன், பட்ட போட்டுட்டு வந்து மாட்டிக்கிறேன்னு போனாரு, அவரு செத்தது உங்க புள்ளயால இல்லீங்க, என்னால என்றாள். புது டயர் போடுவதாகக் கேள்விப்பட்டு வந்தாளாம், தாலி அறுத்தவள் பூசை நேரத்தில் எதிரே வரக்கூடாது என்று ஷெட்டுக்குப் பின்னால் நின்று, நாங்கள் சாப்பிடப் போனதும் உள்ளே வைத்தாளாம். உங்க புள்ள திரும்பி வந்து இந்த வண்டியத்தான் ஓட்டும்னு நெனச்சேன், அதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுங்க, இன்னொரு பொம்பள என்ன மாதிரி நிக்கக் கூடாது என்றாள். நான் பேசியதற்கெல்லாம் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாசல் என்றும் பாராமல் அழுதேனடா.

காப்பை அவளிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. மதகருகே வந்ததும் லாரி மெல்ல மெல்ல வேகம் குறைந்து, நடப்பவன் வேகத்துக்கு வந்து, தாண்டியதும் பழையபடி எடுத்தது. ஏன் பிரேக் போட்டாய் என்று சத்தாரைக் கேட்டேன். நான் மிதிக்கவே இல்ல மொதலாளி என்றான். மேடாக இருக்கும் என்றேன். நீ அந்த இடத்தில் ஓட்டியவன், அங்கே மேடு உண்டா என்று உனக்கே தெரியும். அன்றிலிருந்து எல்லா நடையும் அப்படித்தான், அதற்கு நான் ஜாக்கி வைத்துப் பார்க்கப் போவதில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளி, கொசு ஜாஸ்தி என்கிறாய், கொய்னா மாத்திரை சாப்பிடாமல் இருக்காதே. அம்மா உனக்குப் பிரண்டை வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். சர்வ மங்களமும் உண்டாகட்டும், ஏலகிரி முருகன் உனக்கு முன்னும் பின்னும் நிற்கட்டும். மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. வள்ளியம்மாள் மண்டிக்குப் பட்டை கொண்டுவரும் நாளெல்லாம் நம் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று, தம்பி எப்போ வருது, காப்ப நானே அது கையில போடணும் என்று கேட்கிறாள். உன் அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறாள், நான் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
வேலாயுதம்