காற்று இழுத்த இடம்

7.2.1999, ஞாயிறு

அம்மாவும் நந்தினியும் எசனையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். வண்டி கொஞ்ச நாளாகப் பெட்ரோல் அதிகம் குடிக்கிற மாதிரி ஒரு சந்தேகம். மெக்கானிக்கிடம் போவானேன், கார்புரேட்டரை நாமே கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்று வாசலில் உட்கார்ந்தேன். ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷம் படித்தவனுக்கு இதுகூடவா வராது?

கார்புரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கிற குட்டையான குழாய் ஒன்று இருக்கிறது. மேனிபோல்டு. அதையும் கழற்றினேன். அதன் வாயில் இருந்த ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. திருப்புளியால் நெம்பினேன், அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேப்பந்தட்டையில் எந்தக் கடை திறந்திருக்கும்? வளையம் இல்லாமலே வைத்து, அதற்கும் சேர்த்து போல்ட்டை இறுக்கி முறுக்கினேன். ஸ்பேனர் வழுக்கி ஒரு போல்ட்டின் தலை மழுங்கிப்போனது. உதைத்ததும் வண்டி ஓடியது. அது போதும்.

அவர்கள் திரும்பி வந்தபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

10.2.1999, புதன்

எசனை தாண்டி வண்டி நின்றுவிட்டது. அரை மணி நேரம் உதைத்தேன். மீட்டர் கணக்கெடுக்கிறவனுக்கு வண்டி நின்றால் அன்றைக்கு வேலையே நின்ற மாதிரிதான். இருபது வீடு பாக்கி.

வீட்டில் சொன்னதும் அம்மா, நந்தினிக்குக் கேட்கிற மாதிரி, "கல்யாணமாகி அஞ்சு மாசம் ஆவல, அதுக்குள்ள வண்டி இழுத்துக்கிட்டு கெடக்கு. இருக்கறதுலயே வெல கம்மியா பார்த்து வாங்கிக் குடுத்தா இப்படித்தான்" என்றாள். வண்டி நந்தினியின் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது.



13.2.1999, சனி

இன்றும் இரண்டு முறை நின்றது. சோக்கை இழுத்து வைத்தால் ஓடுகிறது, விட்டால் இருமி அணைகிறது. எஞ்சின் சூடானால் இன்னும் மோசம். மெக்கானிக் முத்துவேல் பட்டறைப் பக்கம் போகவில்லை. போனால் கழற்றிப் பார்ப்பான்.

18.2.1999, வியாழன்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தானே இப்படி? வளையத்தால்தானா? இல்லை, வண்டியே அப்படித்தானா? புது வண்டியிலும் கோளாறு வராதா என்ன?

21.2.1999, ஞாயிறு

அம்மா இன்று நேராகவே நந்தினியிடம் சொல்லிவிட்டாள். "உங்கப்பாகிட்ட சொல்லி வண்டிய மாத்தித் தரச் சொல்லு. எம் மவன் நடுரோட்டுல நின்னு உதைக்கறத ஊரே பாக்குது."

நந்தினி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க என்னங்க சொல்றீங்க?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் இரண்டு வார்த்தை. 'நான்தான் கழட்டினேன்' என்று. அவ்வளவுதான். ஆனால் வாயிலிருந்து வந்தது, "வண்டி சரியில்லாதது நெசந்தானே" என்பது.

அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முக்குக் கடைக்குப் போய் அவள் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டு வந்தாள்.

28.2.1999, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியாது. எழுதவும் கை வரவில்லை.

காலை ஒன்பது மணி பஸ்ஸில் மாமா வந்தார். அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. கையில் ஒரு ரெக்ஸின் பை, அதில் ஸ்பேனர்கள். சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபத்தைந்து வருஷம் கம்ப்ரஸர் ஓட்டியவர். காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலையே. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வண்டிய பாத்துர்றேன் மாப்ள" என்று நேரே வாசலுக்குப் போனார்.

ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி, நுரையை விரலால் எடுத்து மேனிபோல்டைச் சுற்றித் தடவினார். நுரை விருட்டென்று உள்ளே போனது. அந்த ஒரு விநாடி எஞ்சின் ஒழுங்காக ஓடியது. பிறகு பழையபடி திணறல்.

"இங்க காத்து இழுக்குது" என்றார். கழற்ற ஸ்பேனர் வைத்தார். மழுங்கிய போல்ட் தலையில் அது நிற்கவில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ளையரால் பிடித்துத் திருகிக் கழற்றி, உள்ளே விரல் விட்டுத் துழாவினார். வளையம் இருக்க வேண்டிய பள்ளம் காலி.

தலையைத் தூக்காமல் கேட்டார். "யாராச்சும் கழட்டினாங்களா மாப்ள?"

நிலைப்படியில் அம்மா. அவளுக்குப் பின்னால் நந்தினி.

"இல்லைங்க மாமா."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் முறுக்கிய முறுக்கில் மேனிபோல்டின் முகம் வளைந்திருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். ஒரு மணி நேரம். வெயில் முதுகில் ஏறியது. நிழலுக்கு வாங்க என்று சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. பையிலிருந்து புது வளையம், புது போல்ட் எடுத்தார். போனில் கேட்டதை வைத்தே ஊகித்து, எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினார். ஒரே உதை. சீராக ஓடியது.

அம்மா சும்மா இருந்திருக்கலாம். "புது வண்டிக்கு இம்புட்டு வைத்தியமா?" என்றாள்.

மாமா எழுந்து நின்றார். கையெல்லாம் கறுப்பு. அப்படியே கும்பிட்டார். "எம்மேலதான் தப்பு சம்பந்தி. பாத்து வாங்கியிருக்கணும். மன்னிச்சிக்குங்க."

சாப்பிடக் கூப்பிட்டோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். நந்தினி உள்ளே போய் ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். "நாலு நாள் இருந்துட்டு வரேன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

3.3.1999, புதன்

வண்டி பூப்போல ஓடுகிறது.

9.3.1999, செவ்வாய்

ஆயில் மாற்ற முத்துவேலிடம் போனேன். இனி என்ன பயம்? அவன் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு சார் இந்த மேனிபோல்ட தேச்சது? நல்ல கை. இதுக்கு முன்னாடி எவனோ வெவரங்கெட்டவன் போட்டு முறுக்கியிருக்கான், ஓரத்துல ஸ்பேனர் வழுக்கின கீறல் பாருங்க" என்றான்.

விரலால் தடவிப் பார்த்தேன். ஆமாம், கீறல் இருக்கிறது. முத்துவேலுக்கே ஒரு நிமிஷத்தில் தெரிகிறது. ஒரு மணி நேரம் கையில் வைத்துத் தேய்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரிந்துதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எங்கம்மாகிட்ட. எனக்காக.

14.3.1999, ஞாயிறு

நாலு நாள் என்று போனவள் இரண்டு வாரமாகியும் வரவில்லை. போன் செய்தேன். "அப்பா அன்னைக்கி பஸ்ல ஒரு வார்த்த பேசல" என்றாள். போனை வைத்துவிட்டாள். இங்கே அம்மா, "வண்டிதான் ஓடுதே, இன்னும் என்ன ராங்கி அவளுக்கு?" என்கிறாள்.

21.3.1999, ஞாயிறு

அரியலூர் போனேன். பேரளி வரைக்கும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அதற்கப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அத்தை கொளஞ்சியம்மாள் காபி கொண்டுவந்தார்கள். கையில் வாங்காமலே சொன்னேன். "மாமா, நான்தான் கழட்டினேன். வளையத்த அறுத்ததும் நான்தான். அன்னைக்கி பொய் சொன்னேன்."

"தெரியும் மாப்ள" என்றார் மாமா.

"அப்புறம் ஏன் மாமா நீங்க..."

"வாசல்ல உங்கம்மா நிக்கறாங்க. உங்கள அங்க தல குனிய வச்சிட்டு, எம் பொண்ண எப்படி அந்த வூட்ல வுட்டுட்டு வர்றது?"

நந்தினிக்கு அதுவரை தெரியாது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "வண்டி போனா போவுதுங்க. வயசான மனுசன் கறுப்புக் கையோட நின்னு கும்புட்டாரு. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அத்தையிடமிருந்து காபியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"இங்க வந்து சொல்றது சுலபம். எங்கப்பா எந்த வாசல்ல மன்னிப்பு கேட்டாரோ, அந்த வாசல்ல போயி சொல்லுங்க."

தனியாகத் திரும்பி வந்தேன்.

24.3.1999, புதன்

இன்றும் சொல்லவில்லை. அம்மா என்னை அடிக்கப்போவதில்லை, சோறு போடாமல் இருக்கப்போவதுமில்லை. அப்படியானால் எதற்குப் பயம்? அவளுக்கு நான் படித்த பிள்ளை, கெட்டிக்காரன். அது போய்விடும். அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் இத்தனையும் செய்தேனா?

28.3.1999, ஞாயிறு

காலையில் அம்மா பல் துலக்கிவிட்டு வந்ததும் சொல்லிவிட்டேன். நம்பவில்லை! "பொண்டாட்டிய கூட்டியாறதுக்கு இப்படி ஒரு கதையா? அவங்க சொல்லிக் குடுத்தாங்களா?" என்று சிரித்தாள்.

வாசலில் வண்டியை நிறுத்தி, அவள் கண்ணெதிரே கழற்றினேன். வளையத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அது இல்லாமல் மாட்டி உதைத்தேன். ஓடி, இருமி, அணைந்தது. இன்னொரு முறை. அதேதான். வளையத்தை வாங்கிப் போட்டு, மாமா செய்த மாதிரியே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்கி ஸ்டார்ட் செய்தேன். சீராக ஓடியது.

அம்மா வண்டியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன நிக்க வச்சி பேசினேனேடா" என்றாள். "எம் எதிர்லதானடா நின்ன? ஒரு கண்ணு காட்டியிருக்கலாம்ல?"

துடைப்பத்தால் நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா செத்த வருஷத்துக்கு அப்புறம் அவள் அப்படிக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

4.4.1999, ஞாயிறு

"நானும் வரேன்" என்று அம்மா வண்டியில் ஏறிக்கொண்டாள். அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவள். வழியெல்லாம் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். 

அரியலூரில் இறங்கியதும் மாமா வாசலுக்கு வந்தார். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, நின்ற இடத்திலேயே சொன்னாள். "எம் மவன் செஞ்சதுக்கு உங்கள பேசிப்புட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

"வுடுங்க சம்பந்தி. உள்ள வாங்க, வெயிலு" என்றார்.

நந்தினி அம்மாவுக்குச் சோறு போட்டாள். என் இலைக்கும் போட்டாள். கிளம்பும்போது, "வருசப் பொறப்பு கழிச்சி வரேங்க" என்றாள்.

15.4.1999, வியாழன்

நந்தினி வந்துவிட்டாள். பஸ்ஸில், தனியாக. கூப்பிட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

2.5.1999, ஞாயிறு

தண்ணீர்க் குடத்தை யார் மூடாமல் வைத்தது என்று நந்தினி கேட்டாள். நான் இல்லை என்றேன். நிஜமாகவே நான் இல்லை. இருந்தாலும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். அந்த ஒரு நொடி எத்தனை நாளைக்கு இருக்கும்? இருக்கட்டும். நான் சம்பாதித்தது.

13.6.1999, ஞாயிறு

பூலாம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போன மாமா, திரும்பும் வழியில் இங்கே இறங்கினார். இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாற்காலி நுனியில்தான் உட்காருவார், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தயாராக. இன்று வெயிலில் களைத்திருந்தார் போல. மோர் குடித்துவிட்டு, "செத்த படுத்துக்கறேன் மாப்ள" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கூடத்தில் பாய் விரித்தேன். படுத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை.

அம்மா படம் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்துபோய் டிவியை அணைத்தாள். ஏதோ கேட்க வாயெடுத்த என்னை விரல் காட்டி அடக்கினாள். நந்தினி நிலைப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவ்வப்போது திரும்பி அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு முறை என்னையும் பார்த்தாள்.

நாலு மணி வரைக்கும் தூங்கினார். யாரும் எழுப்பவில்லை.