என் மண்டைக்குள் வெள்ளைப் புள்ளிகள்

பிப்ரவரி 9

பள்ளிக்கூட வேன் ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிள்ளைகளைக் கேட்டில் இறக்குவேன். போன வாரம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஆற்றுப்பாலம் வரை போனது உண்மைதான். சும்மா பாலத்தைக் காட்டினேன். இதற்குப் போய் டாக்டரிடம் இழுத்துப் போனாள் வீட்டுக்காரி. மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். "நானும் எடுத்துக்கிறேண்ணே, உங்களுக்குத் துணையா" என்றான் சகலை. அவளுடைய தங்கை புருஷன். எனக்கு ஒன்று என்றால் அவனுக்கும் ஒன்று வேண்டும்!

பிப்ரவரி 12

ஸ்கேன் குழாய்க்குள் நூறு பேர் தகரம் தட்டுகிற சத்தம். நான் குறட்டை விட்டேன். சகலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே கிடந்தானாம். இவ்வளவு பெரிய மூளையை மெஷின்காரப் பெண் பார்த்ததே இல்லை. வாயால் சொல்லவில்லை, பார்வையிலேயே தெரிந்தது.

பிப்ரவரி 16

படம் வந்துவிட்டது. ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். என்னுடையதில் வெள்ளை வெள்ளையாக எத்தனை வெளிச்சம்! சகலையுடையது கரண்ட் போன தெரு. வேலை செய்கிற மூளை எரியத்தானே செய்யும்? பெட்ரோல் பங்க் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பிக்கு எவ்வளவு நிதானம், எவ்வளவு ஞாபகம்" என்று தினமும் சகலையைப் பற்றி ஓதுகிற வீட்டுக்காரிக்கும் காட்டினேன். படத்தை வாங்கி உறைக்குள் வைத்தாள். அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18

டாக்டர் அந்த வெளிச்சத்தைப் பேனாவால் தொட்டார். "இதெல்லாம் சின்னச் சின்ன ரத்தக்குழாய் கெட்டுப்போன இடம். பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போட்டுக்கிட்டு…"

"நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்," என்றாள் இவள். "நான் இரும்புன்னு சொல்லிட்டுத் திரியறாரு."

மறதி ஆரம்பித்திருக்கிறதாம். வந்தது போகாது, மேலே கூடாமல் பார்த்துக்கொள்ளலாமாம். வேன் வேண்டாமாம், பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

சகலையுடைய படத்தைப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். எரிந்தது எனக்கு. ஒரு புள்ளி கூட இல்லாத மூளைக்கா பாராட்டு? அவன் என்ன கிழித்தான்? எனக்கு வந்ததில் பாதி அவனுக்கு வந்தால் என்னவாம்?

சீ. என்ன எழுதுகிறேன்.

பிப்ரவரி 19

சாவியை எவனுக்கும் தர மாட்டேன்.

பிப்ரவரி 23

காலையில் வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை போனேன். போய் நின்றேன். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பின்னால் ஹாரன் அடிக்கிறான். எத்தனை வருஷமாகத் திரும்புகிற முனை! கை ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. நல்லவேளை, பிள்ளைகள் யாரும் ஏறவில்லை.

நடந்து போய் நானே சகலையிடம் சாவியைக் கொடுத்தேன். "இந்தா, கிளட்ச்சைப் பார்த்து மிதி" என்றேன். பெரிய மனுஷன்போல வாங்கிக்கொண்டான்.

மார்ச் 2

என் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறான், குட்டைக்கால்காரன். பிள்ளைகளுக்குப் பாட்டு வேறு போடுகிறானாம். வயிறு பற்றி எரிகிறது. மாத்திரை மட்டும் போடுகிறேன்.

மார்ச் 17

இப்போது நானும் கூடப் போகிறேன், பக்கத்து சீட்டில். நான் இல்லாமல் அவனால் முடியாது. ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, எந்தப் பக்கம்?" என்பான். நான் சொல்லுவேன். பிள்ளைகள் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லுவேன்.

இன்று தபால் ஆபீஸ் முனையில் இடது என்றேன். "சரிண்ணே" என்றான். வலது பக்கம் திருப்பினான்.

பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

பிள்ளைகள் இறங்கியதும் அடுத்த முனையில் மறுபடியும் கேட்டான், "அண்ணே, எந்தப் பக்கம்?"

ஓட்டுகிறான், பரவாயில்லை. என் அளவுக்கு வராது.