கமிஷன் யார் பொறுப்பு

ஜனவரி 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு பேசிவிட்டுப் பாப்பா சொல்வாள். நாம் போனில் பேசினால் நாலாவது வாக்கியத்திலேயே பழைய சண்டைக்குப் போய்விடுவோம். அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். சலவைக்கூடத்துக்கு ரோலர் இஸ்திரி மெஷின் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் நீங்கி வரும். இரண்டு ஆஸ்பத்திரி விரிப்புகளையும் நம் பெண்கள் இன்னும் கையால்தான் தேய்க்கிறார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரியும் கேட்கிறது. ஒத்துக்கொள்ளத் தெம்பில்லை. புது மெஷின் என் கைக்கு எட்டாது. பழசு தேடியதில் ஒன்று தோதாக வந்தது. பார்த்தால், நீங்கள் இருக்கும் ஊரிலேயே. விற்பவர் சலவைக்கடை வைத்திருந்த ஒரு அம்மா. கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம், கடையை மூடுகிறார்.

பேங்கில் அன்னியச் செலாவணி பார்க்கிற அதிகாரியிடம் கேட்டேன். "முன்பணம் கொஞ்சம் அனுப்புங்க. மிச்சத்தைக் கப்பல்ல ஏத்தின ரசீது வந்தப்புறம் அனுப்பலாம். ஆனா வெளிநாட்டுக்குப் போன பணத்தைத் திருப்பி வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பொருள் இருக்கா, ஓடுதான்னு யாரையாவது விட்டுப் பாத்துக்குங்க" என்றார்.

யாரையாவது என்றால், அங்கே எனக்கு உங்களைத்தான் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு உருளையும் சங்கிலியும் புதிதில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வேன். விலாசம் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜனவரி 17

முதலாளியம்மாவுக்கு,

போய்ப் பார்த்தேன். கடை ஒரு சந்து முனையில் இருக்கிறது. பாதிச் சாமான்கள் போய்விட்டன. மெஷின் மட்டும் நடுவில் நிற்கிறது, கல்யாணம் முடிந்த மண்டபத்தில் சமையல்காரர் நிற்பதைப்போல.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சங்கிலி தேயவில்லை. நீராவிக் குழாயில் ஒரு இணைப்பு மட்டும் மாற்றியது, நன்றாகவே மாற்றியிருக்கிறார்கள். உருளைமேல் போர்த்திய கம்பளித்துணி நைந்திருக்கிறது, அது எப்படியும் மாற்றுகிற சாமான். வலதுபக்க பேரிங் லேசாக முனகுகிறது, இன்னும் சில வருஷம் முனகிக்கொண்டே ஓடும். நாலு விரிப்பை நனைத்து விட்டுப் பார்த்தோம். காய்ந்து வந்தது. கை உள்ளே போகாமல் முன்னால் ஒரு தடுப்புக்கம்பி உண்டு, தொட்டால் உருளை நிற்க வேண்டும். அதை மட்டும் பத்துத் தடவைக்கு மேல் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நின்றது.

வாங்கலாம். சொல்கிற விலைக்கு இது நல்ல மெஷின்.

பணத்தை நானே இங்கே அந்த அம்மா கையில் கொடுத்துவிடட்டுமா? நீ நம் ஊர்ப் பணமாகப் பாப்பா பெயரில் போட்டுவிடு. பேங்குக்குக் கமிஷன் அழ வேண்டாம், ரேட்டும் பார்க்க வேண்டாம்.

இத்தனை பெரிய மெஷின் வாங்குகிறாய் என்றால் இங்கே வருகிற எண்ணம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று வருஷமாகக் கேட்டுவிட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஜனவரி 28

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் மெயிலை இரண்டு முறை படித்தேன். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். நன்றி.

பணம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிப்படாது. ஆடிட்டரிடம் கேட்டேன். "பணம் உங்க கணக்குலேர்ந்து பேங்க் வழியாத்தான் போகணும். இல்லேன்னா மெஷின் வந்து இறங்குறப்ப சுங்கத்துல கேப்பாங்க, யார் குடுத்தா, எதுக்குக் குடுத்தான்னு" என்றார்.

"வீட்டுக்காரர் குடுத்தார்னு சொல்லக்கூடாதா சார்?"

"சொல்லலாம். நிரூபிக்கணும்."

சரி, பேங்க் வழியாகவே அனுப்புகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

முன்பணம் நேற்றுப் போய்விட்டது. ரேட் இறங்கட்டும் என்று ஒரு வாரம் பார்த்தேன். காலையில் பால் பாக்கெட்டை எடுப்பதற்குமுன் ரேட் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அது இறங்குவதாக இல்லை, ஏறிக்கொண்டே போனது. போதும் என்று அனுப்பிவிட்டேன். பேங்க் படிவத்தில் எத்தனை கட்டங்கள். கடைசியில் ஒன்று, கமிஷன் யார் பொறுப்பு என்று. அனுப்புகிறவரா, வாங்குகிறவரா, இருவரும் பாதிப் பாதியா. பாதிப் பாதி என்று டிக் அடித்தேன், அதுதான் நியாயமாகப் பட்டது.

பாப்பாவுக்குக் கணக்குப் பரீட்சையில் நல்ல மார்க். அவளைப் பாப்பா என்று கூப்பிடக்கூடாதாம், பதிமூன்று வயது முடிந்துவிட்டதாம். உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 11

முதலாளியம்மாவுக்கு,

அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். முன்பணம் வந்திருக்கிறது, ஆனால் ரசீதில் எழுதியதைவிடக் குறைவாக. இங்குள்ள பேங்க் ஒரு கடி கடித்திருக்கிறது, நடுவில் இன்னொரு பேங்க் இருக்கிறதாம், அது ஒரு கடி. உன் பாதிப் பாதி இப்படித்தான் முடிந்திருக்கிறது. அவருக்குக் கோபம். "எழுதுன தொகை வேற, வந்த தொகை வேற. குறைஞ்சது வராம நான் வேற ஆளுக்குக் காட்டுறத நிறுத்த மாட்டேன்" என்று அவர் பாஷையில் சொன்னார். வேறொரு ஆள் அடுத்த நாளே வந்து பார்ப்பதாக இருந்தது. சின்னத் தொகைதான். வேலை முடிந்து போகும் வழியில் என் கையிலிருந்து கொடுத்து, ரசீது வாங்கிவிட்டேன். நீ இதைப் பெரிசுபடுத்தாதே.

ரசீது எழுதும்போது, "வாங்குறவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"என் மனைவி."

"பின்ன ஏன் ரெண்டு பேரும் என்கிட்ட தனித்தனியா விசாரிக்கிறீங்க?"

நேர வித்தியாசம் என்று சொன்னேன்.

பாப்பாவை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டுமாம்? அதையும் கேட்டு எழுது.

இப்படிக்கு,
அவள் அப்பா


மார்ச் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

இதைப் பார்த்தவுடன் அந்தக் கடைக்குப் போங்கள். காலையில் இரண்டு முறை கூப்பிட்டேன். ஏதோ லிஃப்ட் குழிக்குள் இருந்திருப்பீர்கள், மணி அடிக்கவே இல்லை.

நேற்று அந்த அம்மாவிடமிருந்து மெயில் வந்தது. மெஷினைக் கப்பலில் ஏற்றியாகிவிட்டதாம், ரசீது இணைத்திருக்கிறது. பழைய பேங்க் கணக்கில் ஏதோ தணிக்கை நடக்கிறதாம், மிச்சப் பணம் முழுவதையும் வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லி எண் கொடுத்திருக்கிறார். இன்றைக்கே வந்தால் துறைமுக வாடகை மிச்சமாம். பேங்குக்குப் போய்ப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர்தான். அப்போதுதான் உறைத்தது. அவர் எழுதுகிற ஒவ்வொரு மெயிலிலும் கடைசி வரியில் முட்டிவலி இருக்கும். போனில் மொழிபெயர்த்துப் படித்துப் படித்து எனக்கே அது பழகிப்போயிருந்தது. இதில் முட்டிவலி இல்லை.

படிவத்தைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவரிடம் நேரில் கேட்டு எழுதுங்கள். அதுவரை ஒரு பைசா அனுப்ப மாட்டேன்.

நீங்கள் கையிலிருந்து கொடுத்ததை உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பிய தொகையைவிட அனுப்புகிற கமிஷன் அதிகம். "எதுக்கும்மா இது?" என்று அதிகாரியே சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். கமிஷன் முழுக்க என் பொறுப்பு என்று இந்த முறை டிக் அடித்தேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

(அப்பா, அவசரம் என்று அம்மா சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.)


மார்ச் 4

முதலாளியம்மாவுக்கு,

மெஷின் எங்கேயும் போகவில்லை. கடை நடுவில் அப்படியே நிற்கிறது, நான் தொட்டுப் பார்த்தேன். அந்த அம்மா அப்படி எந்த மெயிலும் எழுதவில்லை. அவர் மெயிலுக்குள் எவனோ புகுந்து உங்கள் இருவர் கடிதங்களையும் படித்திருக்கிறான். ரசீது போலி. கணக்கு எண் எவனுடையதோ.

நீ சொன்னதைச் சொன்னேன். முட்டிவலியை வைத்துக் கண்டுபிடித்தாய் என்றதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, பழைய கணக்குதான், அது மாறாது" என்றார். கடவுச்சொல்லை மாற்ற வைத்து, அவருடைய பேங்குக்கும் கூடப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உன் பேங்கிலும் சொல்லிவை.

ஏற்றுகிற அன்றைக்கு நான் லீவு போட்டுக் கூட நிற்கிறேன். நான் எழுதாமல் மிச்சத்தை அனுப்பாதே.

இப்படிக்கு,
அவள் அப்பா


மார்ச் 22

முதலாளியம்மாவுக்கு,

இன்று ஏற்றினார்கள். மரப்பலகையில் நிறுத்தி நானே போல்ட் முடுக்கினேன். உருளைக்கும் தட்டுக்கும் நடுவில் பழைய போர்வை திணித்திருக்கிறேன், ஆட்டத்தில் உரசாது. ரசீதை என் கையில் வாங்கிப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பழைய கணக்கு எண்ணையும் அந்த அம்மா தன் கையால் எழுதிக் கொடுத்தார், அதுவும் இருக்கிறது. அனுப்பலாம்.

லாரி போனபிறகு அவர் வெறும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாளை இடிக்கப்போகிற தரை.

இப்படிக்கு,
அவள் அப்பா


மே 30

அன்புள்ள உங்களுக்கு,

மெஷின் வந்து, சுங்கத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் வெளியே வந்து, கூடத்தில் நிற்கிறது. ஒரு வாரமாக ஓடுகிறது. கம்பளித்துணி மாற்றியாகிவிட்டது. மூத்த இஸ்திரிக்காரம்மா முதல் நாள் கிட்டவே வரவில்லை. "எங்கள வீட்டுக்கு அனுப்பத்தானே இது?" என்றார். மூன்றாவது ஆஸ்பத்திரி வேலையைக் காட்டியபிறகு வந்தார். இப்போது வேறு யாரையும் தொட விடுவதில்லை. தடுப்புக்கம்பியைத் தினமும் காலையில் தட்டிப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

மிச்சப் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததாக அந்த அம்மா எழுதியிருந்தார். முட்டிக்கு ஆபரேஷனாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஜனவரியில் உங்களுக்கு எழுதியபோது கூடத்தின் வாடகை ஒப்பந்தம் முடிகிற நேரம். கட்டடக்காரருக்கு நான் பதில் சொல்லவில்லை. மெஷின் சரியில்லை என்று நீங்கள் எழுதினால், வேறு மெஷின் தேடுவதில்லை, கூடத்தை மூடிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவது என்று நினைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நானாக முடிவு செய்ய எனக்குத் துணிவு வரவில்லை, உங்கள் தலையில் போட்டேன். அது சரியில்லைதான்.

நல்ல மெஷின் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் வாடகை ஒப்பந்தத்தில் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 8

அன்புள்ள உனக்கு,

மெஷின் ஓடுவது குறித்து மகளும் சொன்னாள். பேரிங் சத்தம் கூடினால் உடனே எழுது, இங்கே அதே அளவு கிடைக்கிறது. பணத்தைப் பேங்கிலேயே அனுப்பு, நான் ஒன்றும் கையிலிருந்து போட மாட்டேன்.

வீட்டைக் காலி செய்கிறேன். இரண்டு அறை வைத்திருந்தேன். ஒரு அறையில் நான், மற்றதில் ஒரு கட்டிலும் படிக்கிற மேசையும் சும்மா கிடந்தன. கூட வேலை பார்க்கிறவரோடு ஓர் அறை எடுத்துக்கொண்டால் எனக்குத் தாராளம். கட்டிலையும் மேசையையும் மாடிவீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மகள் லீவுக்கு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் எனக்கு ஒரு மாத லீவு உண்டு, நான் அங்கே வருகிறேன். அவளோடு இருக்கத்தான். எப்போது வருகிறாய் என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன்.

நீ எழுதிய விஷயம் எனக்குத் தெரியும். உன் முதல் மெயிலிலேயே தெரிந்தது. மெஷின் பார்க்க இங்கே கூலிக்கு ஆள் கிடைப்பான், மூன்று வருஷமாக என்னோடு சண்டையில்லாமல் பேசாத நீ என்னைக் கேட்டாய். நான் சொல்வதை வைத்துத்தான் முடிவு என்றும் எழுதினாய். நீ அப்படி எழுதுகிற ஆளா?

அன்றைக்கு மூடியைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேரிங்கைக் காரணம் சொல்லலாம். நீராவிக் குழாயைச் சொல்லலாம். எதைச் சொல்லியிருந்தாலும் நீ நம்பியிருப்பாய். அந்த அம்மா பின்னால் வந்து நின்று, "என்னப்பா, ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினேன்.

இப்படிக்கு,
உன் கணவன்