பார்க்கிங்கில் கேட்ட குரல்

11 நவம்பர் 2006, சனி

அடுத்த வாரம் என் கணவரோடும் ஆபீஸ் நண்பர்களோடும் நல்லமலைக் காட்டுக்குப் போகிறேன். இரண்டு ஜோடி வாக்கி டாக்கி இரவல் கிடைத்திருக்கிறது. ஒன்றில் பவர் அதிகம், ஆன்டெனா குட்டை. மற்றதில் பவர் குறைவு, ஆன்டெனா நீளம். எதை எடுத்துப்போவது?

இவரை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு, கீழே பார்க்கிங்கின் கடைசி மூலையிலிருந்து பேசினேன். நீள ஆன்டெனாவில் பதிலே இல்லை. சிறிது நேரம் கழித்துக் குட்டையில் கூப்பிட்டேன்.

"ஹவ் ஹவ், ஆமா ஆமா, நல்லா கேக்குது."

குட்டைதான் என்று முடிவுகட்டித் திரும்பினால், படிக்கட்டருகில் இவர் மூச்சிரைக்க நிற்கிறார்.

"ரொம்ப நேரமா சத்தமே இல்லியா, பயந்து இறங்கி வந்துட்டேன்."

அப்படியானால் எது நல்லது? ஒன்றும் புரியவில்லை. காட்டில் என் குரல் வராவிட்டால் இவர் எந்தப் படி இறங்கி வருவார்?