வெயில் வந்துச்சு, அவரு கிளம்பல

என் ஆசை அந்தோணி அண்ணாத்தே,

மேல எப்படிக் கீறே? அங்கயாவது குளிராம இருக்கா? பட்டாளத்துல பனிமலைக் காவலுக்குப் போன நீ பத்திரமாத் திரும்பி வந்து, நம்ம ஆவடி ஊட்ல காய்ச்சல்ல கண்ணை மூடினப்ப நான் அழுத அழுகை தெருவுக்கே கேட்டுது. இப்ப அழுறதுக்கு எழுதல. உன் மச்சான், அதான் என் ஊட்டுக்காரரு, அதே மாதிரி ஒரு பனிமலையில இருந்து நேத்து முழுசா ஊடு வந்து சேந்துட்டாரு!

ஃபாக்டரியில பட்டாள வண்டி ரிப்பேருக்குன்னு அனுப்பியிருந்தாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் திரும்பவும் கூப்புடுறாங்க. "நீ வேணாம்னா போகல ரோசி"ன்னு என் மூஞ்சியையே பாத்துகினு கீறாரு. நான் இன்னா சொல்லட்டும்?

நீ லீவுல வந்தப்ப என் முறத்தைப் புடுங்கி, ஜவ்வரிசியைப் பரப்பி, அதும்மேல அரிசி மாவை ஈரக்கையால அழுத்திச் சாய்ச்சது ஞாபகம் கீதா? ஒரு தட்டு தட்டினே, மாவு மொத்தமும் ஒரே பாளமா வழுக்கி என் மடியில விழுந்துச்சு. "அடியில பழைய பனி இப்பிடித்தான் உதிரியாக் கெடக்கும். மேல புதுப்பனி கனமா ஏறி வெயிலும் பட்டா, ஒரு ஆளு கால் வெச்சாப் போதும்"னே. உன் மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் கோவத்துல ரெண்டையும் சேத்துக் கூழ் காய்ச்சி வடாம் ஊத்திட்டேன்.

இப்ப உன் மச்சான் போன மலையில ரெண்டு நாளாக் கொட்டின பனி நின்னு, காலையில பளிச்சுன்னு வெயில். மழை விட்டு வெயில் வந்தா பையைத் தூக்கிகினு கிளம்பறதுதானே நம்ம ஊரு பழக்கம்? கூட வந்த அம்பத்தூர் ஆளுங்க எல்லாரும் பூட்ஸை மாட்டிட்டாங்க. வண்டி நிக்கிற எடத்துக்கு மலைச்சரிவு வழியாத்தான் போவணும். இவரு மட்டும் கூடாரத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாராம். "பனி இறுகட்டும். அப்பால ஒரு நாள் விடியக்காலையில, ஒவ்வொருத்தராத் தள்ளித் தள்ளிப் போலாம். இன்னிக்கு யாரும் போவ வேணாம்."

"இன்னா மாமே, பொண்டாட்டி நெனப்பா?"ன்னு ஒருத்தன் கிண்டல் பண்ணானாம். "ஆமாண்டா, அவளத்தான் நெனச்சுகினு கீறேன்"னு சொன்னாராம். வெக்கங்கெட்ட மனுஷன்!

திட்டிகினே அவங்களும் உக்காந்தாங்க. சோறு தின்னுகினு இருக்கறப்ப மலைப்பக்கம் தொம்முன்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா, நடந்து போக இருந்த பாதையையே காணோம். கிண்டல் பண்ணவன்தான் மொதல்ல ஓடி வந்து இவரு கையைப் புடிச்சுகினானாம்.

"உன் அண்ணன் அன்னிக்கு உன் முறத்துல காட்டினதுதான் ரோசி"ன்னாரு உன் மச்சான். எனக்கு உன் மேல பொங்கின பாசத்தை எங்க போய்ச் சொல்லுவேன் அண்ணாத்தே? நீ மட்டும் எதிர்ல இருந்திருந்தா, கட்டிப் புடிச்சு அழுதுட்டு, அப்பால சூடா காபி போட்டுக் குடுத்திருப்பேன்.

'போவாதே'ன்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். ஆனா இந்த வாட்டி பனியையே பாக்காத ரெண்டு பேரு புதுசாப் போறாங்களாம். வெயிலைப் பாத்து அவனுங்க கிளம்பினா, புடிச்சு உக்கார வெக்க ஆள் வேணாமா?

அனுப்புறேன். சென்ட்ரல்ல ரயில் கண்ணுக்கு மறையற வரைக்கும் சிரிச்சுகினே நிப்பேன், சத்தியம். அதுக்கப்பால நான் அழுதா, நீ கண்டுக்காதே.

உன் வாயாடித் தங்கச்சி,
ரோசி