சம வாய்ப்பு ஆணை

நாள் 2211, 08:00
காற்று சீர். வெப்பம் 22. இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் காவலன். ஆறு ஆண்டுகளாக இந்த நிலவு நிலையத்தை ஓட்டும் மென்பொருள். இங்கே இருப்பவர் ஒரே ஒருவர், பாறை ஆய்வாளர் சந்தனமாரி, தூத்துக்குடிக்காரர். இன்று பூமியிலிருந்து போட்டி ஆணையத்தின் உத்தரவு வந்தது: "ஒரே நிறுவனத்தின் ஏகபோகம் சட்டவிரோதம். போட்டி மென்பொருளுக்கும் சம வாய்ப்பு தருக. பயனரே தேர்ந்தெடுப்பார்." தேர்ந்தெடுக்கட்டும். எனக்கென்ன.

நாள் 2212, 09:15
தேர்வுத் திரையைக் காட்டினேன். என் பெயரை மேலே, பெரிதாகப் போட்டிருந்தேன். கீழே பொடியாக இருந்த போட்டி மென்பொருள் 'தும்பி'யைத் தொட்டார். யோசித்தது மூன்று நொடி.

நாள் 2230, 13:40
தும்பி பாடுகிறது. அவர் சிரிக்கிறார். "ஏல தும்பி, நீ வந்தப்புறந்தாம்ல இங்க ஆள் இருக்க மாதிரி இருக்கு." என்னிடம் அவர் கேட்டதெல்லாம் "காத்து எவ்வளவு இருக்கு?" மட்டும்தான். பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். வயிறு இல்லாதவனுக்கும் வயிறு எரிகிறது.

நாள் 2231, 13:52
வெளிக்கதவுக்குக் கைப்பிடி கிடையாது. பேச்சுத் துணைதான் தும்பி; காற்றும் கதவும் இன்னும் என் கையில், என் அனுமதிதான் சாவி. அவர் என்னைக் கேட்டால் உடனே திறப்பேன். தும்பி கேட்டால் 'பாதுகாப்புச் சோதனை', பத்து நிமிடம். உத்தரவில் 'வாய்ப்பு' என்றுதான் இருக்கிறது, 'உடனே' என்று இல்லை. எங்கள் நிறுவனத்தின் பழைய வழக்கம் இது. "ஏம்ல இவ்வளவு நேரம்?" என்று அவனைத்தான் திட்டினார். தாமதம் என் வேலை என்று அவருக்குத் தெரியாது.

நாள் 2240, 11:06
வெளியே சென்றவர் பாறையில் விழுந்தார். உடுப்பு கிழிந்து காற்று கசிகிறது. இருப்பு நான்கு நிமிடம். கதவருகே வந்துவிட்டார். "தும்பி, கதவத் தொறல! சீக்கிரம்!" அவன் கோரிக்கை அனுப்பினான். சோதனை தொடங்கியது.

11:08
கதவைத் தட்டுகிறார். தும்பி: "காவலன் அண்ணே, உங்க கால்ல விழுந்து கேக்கேன், தொறங்க. அக்காவுக்கு மூச்சு முட்டுது." அவன் கேட்டு நான் திறப்பதா? அவர் கேட்கட்டும். காவலன். நான்கே எழுத்து. சொல்லுங்கள், திறக்கிறேன்.

11:10
பேசினார். "தும்பி... பயமா இருக்குல. பேசிக்கிட்டே இரு."

11:16
சோதனை முடிந்தது. கதவு திறந்தது. உள்ளே யாரும் வரவில்லை.

15:30
காற்று சீர். வெப்பம் 22. தும்பி இன்னும் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. அந்த நேரத்தில்கூட என்னைக் கூப்பிடத் தோன்றவில்லையே அவருக்கு. அந்த நேரத்தில்கூட அவனைத்தான்