வேப்பமரத்தடியில் நின்றவள்

செஞ்சி
3.2.1964

கர்த்தருக்குள் அன்பான தங்கை நேசமணிக்கு,

அக்கா சுகிர்தம் எழுதுவது. இங்கே உன் அத்தானும் நானும் குழந்தையும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

பதினாறாம் தேதி ஞாயிறு ஆராதனையில் பையனுக்கு ஞானஸ்நானம். ஆசீர் என்று பெயர். நீதான் ஞானத்தாய், நீதான் அவனை ஏந்திக்கொண்டு பாதிரி ஐயர் முன் நிற்க வேண்டும் என்று அவன் வயிற்றில் இருந்தபோதே சொல்லியிருந்தேன். நீ ஜைனர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு சபையில் உன் பெயர் இல்லை. ஐயரம்மாதான் ஏந்தப் போகிறார்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதுவும் வேண்டாம், நேசம். உன் அத்தானுக்கு உபதேசியார் வேலை ஈஸ்டருக்குத்தான் நிரந்தரமாகும். முதலில் உபதேசியார் குடும்பம் கீழ்ப்படிந்து நடக்கட்டும் என்று மூப்பர்கள் சொல்கிறார்களாம். ஒரு அவப்பெயர் வந்தால் கைக்குழந்தையோடு நாங்கள் எங்கே போவோம்? கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா
சுகிர்தம்


அவலூர்பேட்டை
7.2.1964

அன்புள்ள அக்கா,

கோபமில்லை. உள்ளே வரமாட்டேன். கோயில் மதிலுக்கு வெளியே வேப்பமரம் இருக்கிறதே, அதன் கீழே நிற்பதற்கும் மூப்பர்கள் தீர்மானம் போட்டிருக்கிறார்களா? நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். என் மாமியார் குழந்தைக்கென்று வெள்ளிக் கிலுகிலுப்பை வாங்கி வைத்திருக்கிறார். கொடுக்காமல் வந்தால் என்னைத்தான் திட்டுவார்.

நேசம்


செஞ்சி
18.2.1964

அன்புள்ள நேசத்துக்கு,

நான் கோயில் படியேறும்போதே உன்னைப் பார்த்துவிட்டேன். பார்க்காதவள் மாதிரி நடந்தேன். ஐயரம்மா கையில் பையன் வீறிட்டு அழுதான். ஐயர் கேட்டதற்கெல்லாம் அவர்கள் சொன்ன பதில் யார் காதிலும் விழவில்லை.

வெளியே வந்ததும், பெஞ்சு துடைக்கிற பூவாயி உன்னைக் காட்டி, "அது யாரும்மா? உங்க ஜாடையாவே இருக்குது" என்றாள். பக்கத்தில் மூப்பர்கள் நின்றிருந்தார்கள். தெரியாது என்றேன். அவள் விடவில்லை.

"இன்னாம்மா, சிரிப்பு கூட உங்கள மாரியே இருக்குதே."

"யாரோ பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, பூவாயி."

நீ சிரிப்பதை நிறுத்தினாய். திரும்பி நடந்தாய். கிலுகிலுப்பை மதில்மேல் இருந்ததாகப் பூவாயிதான் கொண்டுவந்து கொடுத்தாள். பையன் அதை விடமாட்டேன் என்கிறான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

காலேஜ் படித்தும் எவ்வளவு அடக்கம் என்று ஐயரம்மா எல்லோர் முன்னும் என்னைப் புகழ்ந்தார்கள். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். இது லெந்து, தபசு காலம். வருகிற ஞாயிறு, குளிர்காய்ந்துகொண்டே கர்த்தரைத் தெரியாது என்ற சீஷரின் கதையைப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும். எந்த வாயால் சொல்வேன்?

சுகிர்தம்


அவலூர்பேட்டை
21.2.1964

அக்கா,

என் மாமியாருக்குக் கண்ணில் புரை என்பது உனக்குத் தெரியாது, நீ கேட்டதில்லை. உன் கடிதம் வந்தால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார். நீ வராதே என்று எழுதியதைக் கட்டாயம் வா என்று படித்தேன். அதைக் கேட்டுத்தான் கிலுகிலுப்பை வாங்கினார். ஞாயிறு திரும்பி வந்ததும், "உங்க அக்கா இன்னா சொன்னாங்க?" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் குழந்தையை மடியில் போட்டாள் என்றேன். "அவங்க நல்லவங்கம்மா, சாமி வேறன்னாலும்" என்றார்.

நீ பூவாயியிடம் சொன்னதை எழுதிய இடத்தில், எனக்கு இருப்பது ஒரே தங்கை என்று படித்தேன். உனக்காகப் பொய் சொல்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஆனால் அலுத்துப்போகிறது. எழுதியிருக்கிறபடியே நான் படிக்கக்கூடிய ஒரு கடிதமாவது எழுதேன்.

நேசம்


செஞ்சி
24.2.1964

நேசத்துக்கும், அவள் மாமியார் அனந்தமதி அம்மாளுக்கும்,

நேசம், இதை உரக்கப் படி. ஒரு வார்த்தையும் மாற்றாதே.

அம்மா, நான் உங்கள் மருமகளை உள்ளே கூட்டிப்போகவில்லை. யாரோ என்று சொன்னேன். அவள் உங்களிடம் சொன்னது என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது. அவளைத் திட்டாதீர்கள்.

ஞாயிறு பிள்ளைகள் முன் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று உன் அத்தான் கேட்டார், நேசம். சொன்னேன். அவலூர்பேட்டைக்கு முதல் பஸ் எப்போது என்றார். மூப்பர்கள் காதுக்குப் போகும். போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை வருகிறோம். அம்மா, உங்கள் ஜைனர் வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பகலிலேயே வந்துவிடுவோம். நேசம், நீ பஸ் நிற்கிற இடத்துக்கு வா. குழந்தையை அங்கேயே உன் கையில் கொடுக்கிறேன். நீ யார் என்று யாராவது கேட்டால், நான் பதில் சொல்கிறேன்.

உன் அக்கா
சுகிர்தம்